உறைபனியில் செடியைக் காப்பது உரமா, மண்ணா?

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் வேளையில் நீலகிரியிலிருந்து வரும் செய்திப் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தலைகுந்தாவிலோ காந்தலிலோ புல்வெளி முழுவதும் வெள்ளை படர்ந்து கிடக்கும். கீழே, தேயிலை கருகியது, உருளைக்கிழங்குச் செடிகள் கருகின என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொடர்ந்து ஆலோசனைகளும் வரத் தொடங்கும். பஞ்சகவ்யம் தெளித்தால் பனி தாக்காது என்பார் ஒருவர். கோழி எரு சூடானது, அதைப் போட்டால் வேர் குளிராது என்பார் மற்றொருவர். மூடாக்குப் போட்ட இயற்கைத் தோட்டத்துக்குப் பனியைப் பற்றிய கவலையே வேண்டாம் என்பார் இன்னொருவர்.

மூன்று பேரும் ஏதோ ஒன்றைக் கண்டுதான் பேசுகிறார்கள். ஆனால் இரவில் ஒரு செடிக்குச் சூடு எங்கிருந்து கிடைக்கிறது என்ற முதற்கேள்வியை மூவருமே கேட்டுக்கொள்வதில்லை. உதகை, குந்தா, கோத்தகிரி, கொடைக்கானல் மேல்மலை போன்ற இடங்களில் ரசாயன உரமில்லாமல் காய்கறி வளர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக, அந்தக் கேள்வியிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

செடிக்கு உடம்புச் சூடு கிடையாது

கம்பளி நமக்குச் சூட்டைக் கொடுப்பதில்லை. நம் உடம்பில் உண்டாகும் சூடு வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. அதே கம்பளியை ஒரு கல்லின்மேல் போர்த்தினால் கல் சூடாகாது, ஏனென்றால் கல்லுக்குள் சூடு உண்டாக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. இந்த விஷயத்தில் செடியும் கல்லைப் போன்றதுதான். செடியும் சுவாசிக்கிறது, அதில் சிறிது வெப்பமும் உண்டாகிறது. ஆனால் மெல்லிய இலை இழக்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் அது கணக்கில் வராது.

எனவே சூரியன் மறைந்தபின் தோட்டத்தில் மிஞ்சும் வெப்பம் பெரும்பாலும் மண்ணில்தான் இருக்கிறது. பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சேமித்த மண், இரவெல்லாம் அதைச் சிறுகச் சிறுக மேலே விடுகிறது. பனியிலிருந்து செடியைக் காக்கும் எந்த முறையைக் கேள்விப்பட்டாலும் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்: இது பகலில் மண்ணுக்குள் கூடுதல் வெப்பத்தைச் சேர்க்கிறதா? இரவில் அந்த வெப்பத்தைச் செடியைச் சுற்றி நிறுத்தி வைக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அந்த முறையைக் கொஞ்சம் ஐயத்தோடு பார்ப்பது நல்லது.

பனி மேலிருந்து விழுவதில்லை

பனி பெய்கிறது, பனி விழுகிறது என்று நாம் பேசினாலும், உறைபனி வானத்திலிருந்து இறங்குவதில்லை. அது செடியின்மேல் அந்த இடத்திலேயே உண்டாகிறது. எல்லாப் பொருள்களும் எப்போதும் தம் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. இதற்கு வெப்பக் கதிர்வீச்சு என்று பெயர். பூச்சிய டிகிரி செல்சியஸை ஒட்டிய நிலையில் தரையும் இலையும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 வாட் அளவு வெப்பத்தை மேல்நோக்கி வீசுகின்றன. வானத்தில் தாழ்ந்த மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். வானம் தெளிந்திருந்து, காற்றில் ஈரமும் குறைந்திருந்தால், திரும்பி வருவது வெகுவாகக் குறைகிறது. இலை வரவுக்கு மீறிச் செலவு செய்து, தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது.

உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றும் அடர்த்தி குறைந்தது, அதிலுள்ள நீராவியும் குறைவு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வானம் தெளிகிறது, இரவும் நீள்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி மிகுவதற்கு இவை எல்லாம் சேர்ந்துதான் காரணம். அதே டிசம்பரில் வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவாகி மேகம் திரண்டுவிட்டால், பகல் நேரம் நடுக்கும் குளிராக இருந்தாலும் இரவில் உறைபனி வராமல் போவதை மலைவாசிகள் நன்கு அறிவார்கள்.

இலை குளிர்ந்துகொண்டே போகும்போது, ஒரு வெப்பநிலையில் அதைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். அது பூச்சியத்துக்கு மேலே இருந்தால் முதலில் படிவது உதகைக்காரர்கள் சொல்லும் நீர்ப்பனி. இலை மேலும் குளிர்ந்து பூச்சியத்துக்குக் கீழே போனால் அது உறைந்து உறைபனியாகிறது. பனிநிலையே பூச்சியத்துக்குக் கீழே இருக்குமாயின் நீராவி நேராகவே பனிப்படிகமாகிவிடும். காற்று மிக வறண்டிருக்கும் இரவுகளில் இலைமேல் வெள்ளை எதுவும் படியாமலேயே செடி உறைந்து, காலையில் கறுத்துக் கிடக்கும். வெள்ளை தெரியவில்லை, ஆகவே பனி தாக்கவில்லை என்று முடிவு செய்வது இதனால்தான் தவறு. ஈரம் இலையில் படியும்போதும் உறையும்போதும் சிறிது வெப்பம் வெளிப்படுவதால், வெள்ளைப் பனி படிந்த இரவைவிட, கண்ணுக்குப் புலப்படாத இந்த வறண்ட குளிர் கொடியது.

உதகையில் பனிக்காலக் காலையொன்றில் சற்று நின்று பார்த்தால் இந்த விதிகள் யாவும் கண்ணுக்கே தெரியும். வெட்டவெளியில் நிறுத்திய இருசக்கர வாகனத்தின் இருக்கையில் பனி தடிப்பாகப் படிந்திருக்கும். அதன் அடியிலுள்ள தரையில் புல் பச்சையாகவே இருக்கும். இருக்கைக்கு மண்ணோடு தொடர்பில்லை, அதனால் இழந்த வெப்பத்தை ஈடுசெய்ய அதற்கு வழியில்லை. அடியிலுள்ள புல்லுக்கோ, மண்ணின் வெப்பமும் கிடைக்கிறது, மேலே வானத்தை மறைக்கும் கூரையும் கிடைக்கிறது. மரத்தடியிலும் இப்படித்தான்: வெள்ளைப் புல்லும் பச்சைப் புல்லும் சந்திக்கும் கோடு, மரக்கிளைகளின் விளிம்பைப் பெரும்பாலும் ஒட்டியே செல்லும். தேயிலைத் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில் நிற்கும் செடிகள் வெட்டவெளிச் செடிகளைவிடக் குறைவாகக் கருகுவதற்கும் இதுவே காரணம்.

சுருங்கச் சொன்னால், உறைபனிக்குத் தேவையானவை தெளிந்த வானம், அசையாத காற்று, நீண்ட இரவு ஆகிய மூன்று. தரையிலிருந்து நான்கைந்து அடி உயரத்தில் வைத்த வெப்பமானி 3 டிகிரி காட்டும்போதே தரையையொட்டிய இலை பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கக்கூடும்.

குளிர்ந்த காற்று கீழே வடியும்

குளிர்ந்த காற்று கனமானது. சரிவான நிலத்தில் அது மெல்லக் கீழே வடிந்து பள்ளத்தில் தேங்குகிறது. வெதுவெதுப்பான காற்று அதற்கு மேலே நிற்கிறது. உயரே போகப் போகக் குளிர வேண்டிய காற்று, இப்படி அடியில் குளிர்ந்தும் மேலே சூடாகவும் இருக்கும் நிலைக்கு வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்று பெயர். ஓடையோரத் தாழ்நிலங்களில் கேரட் பாத்தி வெளுத்துக் கிடக்க, அதே மலையின் நடுச்சரிவிலுள்ள தோட்டம் தப்பிவிடுவதற்கு இதுவே காரணம்.

தோட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில் அடர்ந்த வேலியோ சுவரோ இருந்தால், வடிந்து வரும் குளிர்காற்றுக்கு அது அணையாகிவிடும். அந்தப் பக்கம் ஓரிடத்தில் திறப்பு விடுவது செலவில்லாத, பெரும்பாலும் மறக்கப்படும் பாதுகாப்பு. மேற்பக்கத்தில் அடர்ந்த வேலி இருப்பது நன்மையே. அது மேலிருந்து வரும் குளிர்காற்றைத் திசைதிருப்பிவிடும்.

இலைக்குள் நடப்பது என்ன?

நீர் உறைந்து விரிவடைவதால் செல்கள் வெடித்துச் செடி சாகிறது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிவடைகிறது என்பது உண்மைதான். ஆனால் தோட்டங்களில் செடிகள் பெரும்பாலும் சாவது அப்படி அல்ல. முதலில் உறைவது செல்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் இருக்கும் நீர். அங்கே உண்டாகும் பனிக்கட்டி, செல்லுக்குள் இருக்கும் நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டே வளர்கிறது. செல் உள்ளுக்குள் வறண்டு சுருங்குகிறது. அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறையான செல்சவ்வு சிதைகிறது. காலையில் பனி உருகியதும், கிழிந்த சவ்வு வழியே சாறு கசிந்து, இலை வேகவைத்ததுபோல் துவண்டு, பிறகு கறுத்துக் காய்கிறது. பனியின் வேலையைப் பார்த்து நாம் கருகியது என்று சொல்வதன் பின்னணி நெருப்பல்ல, வறட்சி.

சில செடிகள் இதற்கு ஓரளவு தயாராகிக்கொள்கின்றன. குளிர் சிறிது சிறிதாகக் கூடிவரும் வாரங்களில் அவை தம் செல்களில் சர்க்கரையைச் சேர்த்து, செல்சவ்வின் அமைப்பையும் மாற்றிக்கொள்கின்றன. இதைக் குளிருக்குப் பதப்படுதல் என்று சொல்லலாம். பனிக்காலத்து முட்டைகோசும் கேரட்டும் கூடுதல் இனிப்பாக இருப்பதற்கு இந்தச் சர்க்கரையே காரணம். ஆனால் நீலகிரியில் ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலப் பகலும் குளிராகவே இருப்பதால் செடி வளர்ச்சியை நிறுத்திப் பதப்படுகிறது. உதகையிலோ பளிச்சென்ற ஜனவரி நண்பகல் 20 டிகிரியைத் தொட்டுவிட்டு, அன்று பின்னிரவிலேயே பூச்சியத்துக்குப் போகலாம். பகலில் தளிர்விடத் தூண்டப்படும் செடி முழுமையாகப் பதப்படுவதில்லை.

பீன்ஸ், தக்காளி, பூசணி போன்ற வெப்பப் பிரதேசச் செடிகளுக்கோ இந்தப் பதப்படும் திறனே மிகக் குறைவு. தக்காளியும் பூசணியும் உறையத் தேவையே இல்லை. 10 டிகிரிக்குக் கீழே பல நாள் நின்றாலே வளர்ச்சி குன்றிவிடும். உருளைக்கிழங்கின் தழை மெல்லிய உறைபனிக்கே கருகிவிடும் என்றாலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பெரும்பாலும் தப்பிவிடும்.

ஸ்ட்ராபெர்ரியில் இந்தச் சேதத்தை வெகு அருகில் காணலாம். பனி தாக்கிய மறுநாள் அதன் வெள்ளை இதழ்கள் ஒரு குறையும் இல்லாமல் விரிந்திருக்கும்; பூவின் நடுவில் மஞ்சளாக இருக்க வேண்டிய மேடு மட்டும் கறுத்திருக்கும். அந்த மேடுதான் பழமாக வேண்டியது. இதழை மட்டும் பார்த்துப் பூ தப்பியது என்று மகிழ்ந்தவர்களுக்குச் சில வாரம் கழித்துத்தான் உண்மை தெரியும்.

இதுவரை பார்த்ததில் இரண்டை நினைவில் வைத்தால் போதும். செடியைக் கொல்வது பெரும்பாலும் செல்லின் வறட்சி. எந்த அளவுக்குக் கொல்லும் என்பது, அந்தச் செடி எந்த இனம், எவ்வளவு பதப்பட்டிருக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. உரத்தைப் பற்றிய பேச்சு இந்த இரண்டாவது இடத்தில்தான் நுழைய வேண்டும்.

இயற்கை உரம் செய்வதும் செய்யாததும்

ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல், மட்கு, தொழு உரம், பசுந்தாள் உரம், பயிர்ச் சுழற்சி ஆகியவற்றால் மண்ணை வளப்படுத்திப் பயிர் செய்வதைத்தான் இங்கே இயற்கை முறை என்கிறேன். இலை, தழை, சாணம் ஆகியவை நுண்ணுயிரிகளால் சிதைக்கப்பட்டு, மண்ணின் மணத்தோடு கருநிறத் தூளாக மாறியதே மட்கு.

முதலில், தெளிக்கும் கரைசல்கள். பஞ்சகவ்யத்தை வழக்கமாக 3 விழுக்காடு அளவில், அதாவது 100 லிட்டர் நீருக்கு 3 லிட்டர் கலந்து தெளிக்கிறார்கள். மிச்சம் 97 பங்கும் நீர்தான். ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ள கடல்நீரே −1.9 டிகிரியில் உறைந்துவிடுகிறது என்றால், அதைவிடப் பன்மடங்கு நீர்த்த ஒரு கரைசல், அதுவும் இலைமேல் காய்ந்த பிறகு, உறைநிலையை எவ்வளவு தள்ளிவைக்க முடியும்? பஞ்சகவ்யத்தால் வளர்ச்சிக்கு வேறு நன்மைகள் இருக்கலாம். பனிக்குக் கவசம் என்று அதை நம்பி மூடாமல் விடுவதில்தான் ஆபத்து. மாலையில் தெளித்து இலையை நனைத்து வைத்தால் பனிக்கு உதவி செய்ததாகவே முடியக்கூடும்.

அடுத்தது கோழி எருவின் சூடு. புதுக் கோழி எருவில் மிகுந்திருக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், விரைவில் அம்மோனியாவாக மாறி இளவேரைப் பொசுக்கிவிடுகிறது. அனுபவத்தில் நாம் சூடு என்று அறிந்தது பெரும்பாலும் இதைத்தான். பாத்தியில் தூவிய எரு மண்ணின் வெப்பநிலையை உணரும்படி உயர்த்தாது. சிதையும் சாணக்குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை வெப்பம் ஏறுவது உண்மை. ஆனால் அதற்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் அளவாவது குவிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உண்டாகும் வெப்பம் ஓரங்களில் வீணாகிவிடும். அந்த வெப்பத்தைப் பயன்படுத்த ஒரு பழைய முறை உண்டு: புதுச் சாணத்தையும் வைக்கோலையும் கலந்து இரண்டடி உயரத்துக்கு மிதித்து அடுக்கி, முதல் கொதிப்பு அடங்கியபின் அதன்மேல் அரையடி மண் பரப்பி, அதில் நாற்று விடுவது. அடியிலிருந்து எழும் வெதுவெதுப்பு சில வாரங்கள் நாற்றுக்குத் துணை நிற்கும். நாற்றங்காலுக்கு இது நல்ல வழி. முழுத் தோட்டத்துக்கும் நடவாத காரியம்.

மூன்றாவது விஷயம், புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். இயற்கை உரத்திலுள்ள தழைச்சத்து, நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துக் கொடுத்தால்தான் வேருக்குக் கிடைக்கும். மண் 10 டிகிரி குளிர்ந்தால் அவற்றின் வேலை ஏறக்குறைய பாதி வேகத்துக்குக் குறைந்துவிடுகிறது. ஜனவரியில் செடி வெளிறி நிற்பதைப் பார்த்து மேலும் மேலும் எரு போடுவோர், உண்மையில் பிப்ரவரிக்கும் மார்ச்சுக்குமான உணவைச் சேமித்து வைக்கிறார்கள். பனிக்காலப் பயிருக்கான மட்கை அக்டோபர் மாதத்திலேயே, மண்ணில் இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்போது, இட்டுவிட வேண்டும்.

அதே சமயம், பனிக்குச் சற்று முன்னால் தழைச்சத்து மிகுந்துவிட்டால், செடி மெல்லிய நீர்த்தளிர்களை விட்டுக்கொண்டே இருக்கும். அவைதான் முதலில் கருகும். யூரியாவுக்குச் சொல்லப்படும் இந்தக் குற்றச்சாட்டு, அளவு மீறிய கோழி எருவுக்கும், சாணம், கோமியம், வெல்லம் முதலியவற்றைக் கரைத்துப் புளிக்கவைக்கும் ஜீவாமிர்தத்துக்கும் பொருந்தும். இயற்கை என்பதாலேயே மிகை நன்மையாகிவிடாது. மாறாக, சாம்பல் சத்து (பொட்டாசியம்) நிறைவாக உள்ள செடி தன் செல்களில் நீரை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. நீலகிரி மண் பொதுவாக அமிலத் தன்மை கொண்டதாதலால், சலித்த விறகுச் சாம்பலை அளவாகத் தூவுவது இரண்டு வகையில் பயன்படும். உருளைக்கிழங்குப் பாத்தியில் மட்டும் அதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அமிலம் குறைந்த மண்ணில் கிழங்கில் சொறிநோய் கூடும்.

இயற்கை முறை பனிக்கு எதிராகத் தரும் உண்மையான பயன், என் கணிப்பில், உரத்தில் இல்லை. ஆண்டுக்கணக்கில் மட்கு சேர்ந்த மண்ணின் அமைப்பில் இருக்கிறது. அத்தகைய மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரமண் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமிக்கும், ஆழத்திலிருந்து மேலே கடத்தவும் செய்யும். காய்ந்த மண்ணின் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் அந்த இரண்டையும் அதனால் செய்ய முடியாது.

மூடாக்கு எப்போது காக்கும், எப்போது கெடுக்கும்?

வைக்கோல், காய்ந்த புல், சருகு ஆகியவற்றால் மண்ணை மூடுவதே மூடாக்கு. இயற்கைத் தோட்டத்தில் மூடாக்கு நல்லதா என்று கேட்பதே குற்றம் என்ற அளவுக்கு அது புகழ்பெற்றுவிட்டது. ஈரம் காக்கும், களை அடக்கும், மண்புழுவை வளர்க்கும் என்பவற்றில் எனக்கு மறுப்பில்லை. பனிக்காலத்தில் மட்டும் அதை இரு கண்ணாலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூடாக்கு மண்ணின் வெப்பத்தை மண்ணுக்குள்ளேயே நிறுத்துகிறது. அப்படியானால் அந்த வெப்பம் மேலே இருக்கும் இலைக்குப் போய்ச் சேராது. பகலிலும் வெயில் மண்ணைத் தொடாதபடி மறைப்பதால், மண் சேமிக்கும் வெப்பமும் குறைகிறது. விளைவாக, மூடாக்குப் போட்ட பாத்தியில் வேர் இதமாக இருக்க, அதற்கு மேலே நிற்கும் இலை, வெறும் ஈரமண் பாத்தியின் இலையைவிட ஓரிரு டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடக்கூடும். பூச்சியத்தை ஒட்டிய இரவில் அந்த ஓரிரு டிகிரியே பிழைப்பதற்கும் கருகுவதற்கும் உள்ள தூரம். அடர்ந்த புல்லும் களையும் உயிருள்ள மூடாக்காக இதே வேலையைச் செய்கின்றன. புதிதாகக் கொத்திவிட்ட மண்ணும் அப்படித்தான். அதன் மேலடுக்கில் காற்று புகுந்து, அது ஒரு மெல்லிய மூடாக்காகிவிடுகிறது. ஆகவே பனி எதிர்பார்க்கும் வாரத்தில் களைக்கொத்து வேலையைத் தள்ளி வைப்பது நல்லது.

அப்படியானால் எங்கே மூடுவது? காக்க வேண்டிய பகுதி மண்ணுக்குள் இருக்கும் பயிர்களான கேரட், பீட்ரூட், பூண்டு போன்றவற்றுக்கு மூடாக்கைத் தடிப்பாகவே போடலாம். அவற்றின் இலை ஓரளவு பனியைத் தாங்கும். தரையையொட்டி வளரும் மென்மையான பயிர்களான ஸ்ட்ராபெர்ரி, பீன்ஸ் நாற்று, கீரை போன்றவற்றில், பனிக்கால நாட்களில் காலையில் மூடாக்கை வரிசைக்கு நடுவில் ஒதுக்கி மண்ணில் வெயில் பட விட்டு, மாலையில் அதே வைக்கோலை எடுத்துச் செடியின் தலைமேலேயே தளர்வாகப் போட்டுவிடலாம். இப்போது மண்ணும் செடியும் ஒரே போர்வைக்குள் வந்துவிடுகின்றன. மறுநாள் காலை மறக்காமல் எடுக்க வேண்டும். உழைப்பு அதிகம் என்பது உண்மையே. சிறு தோட்டத்துக்கு மட்டுமே இது கட்டுப்படியாகும்.

பனி வரும் மாலையில்

நண்பகலுக்குமேல் வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாகி, மாலையில் காற்று அடங்கி, சூரியன் மறைந்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர் விறுவிறுவென்று இறங்கினால், அந்த இரவில் பனி உண்டு என்று கொள்ளலாம். செய்ய வேண்டிய வேலையை அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். மண் காய்ந்திருந்தால் முந்தின நாளோ அன்று காலையிலோ நீர் பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் வெயில் அந்த ஈரமண்ணுக்குள் வெப்பத்தை ஏற்ற நேரம் கிடைக்கும். இலையை நனைக்காமல் மண்ணுக்கு மட்டும் விடுவது சிறந்தது.

மூடுவதற்கு 1848-இல் தொடங்கப்பட்ட உதகை அரசு தாவரவியல் பூங்காவே நல்ல பாடம். அங்கே மலர்ச் செடிகளைப் பனியிலிருந்து காக்க, மிலார் என்று சொல்லப்படும் செடியின் கிளைகளை வெட்டி வந்து மேலே பரப்புகிறார்கள். வானத்தை மறைத்துக் கதிர்வீச்சைத் தடுப்பதே அந்தத் தழையின் வேலை. அதற்கு அது முற்றிலும் போதுமானது. வீட்டில் பழைய போர்வை, சாக்கு, தென்னங்கீற்று எதுவும் உதவும். பலரும் வாங்கும் மெல்லிய பாலித்தீன் தாள்தான் இவற்றில் வலுக்குறைந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் போலவே வெப்பக் கதிர்களையும் அது பெருமளவு ஊடுருவ விடுகிறது. இலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடத்திலேயே இலை உறையும்.

எதைக் கொண்டு மூடினாலும் அதன் ஓரம் தரையைத் தொட வேண்டும். செடியின் தலையில் துணியைப் போட்டு, கீழே தண்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டி வைப்பதை அடிக்கடி காண முடிகிறது. பார்க்க அக்கறையாகத் தெரிந்தாலும், மண்ணின் வெப்பம் உள்ளே நுழையும் ஒரே வழியை அது அடைத்துவிடுகிறது. நான்கு குச்சிகளை நட்டு, துணியை இலையில் படாமல் கூடாரமாக விரித்து, ஓரங்களில் கல் வைப்பதே சரியான முறை. சூரியன் மறைவதற்குள் மூடி, காலையில் வெயில் ஏறியதும் திறக்க வேண்டும்.

புகைமூட்டம் போடும் வழக்கத்தைப் பற்றி ஒரு சொல். புகைத் துகள்கள் மிக நுண்ணியவையாதலால் வெப்பக் கதிர்களை அவை பெரிதாகத் தடுப்பதில்லை. பலன் ஏதும் கிடைத்தால் அது நெருப்பின் வெப்பத்தால் கிடைப்பதே. அதிலும், ஒரு பெரிய நெருப்பின் சூடான காற்று நேரே மேலெழுந்து போய்விடும். ஊராரின் மூச்சுக்குக் கேடாகும் இந்த வேலை அவ்வளவு பெறாது.

இரவெல்லாம் நீர் தெளித்துக் காக்கும் முறையும் உண்டு. ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. நிலை மாறும்போது நீர் இப்படி விடும் அல்லது எடுத்துக்கொள்ளும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். அந்த வெப்பம் இலையைப் பூச்சியத்தை ஒட்டியே வைத்திருக்கும். ஆனால் அதே ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 600 கலோரியை எடுத்துக்கொள்ளும். ஆகவே நள்ளிரவில் மின்சாரம் போய்த் தெளிப்பு நின்றுவிட்டால், தெளிக்காமலே இருந்ததைவிடச் சேதம் கூடிவிடலாம். கட்டி முழுவதும் உருகும்வரை இடைவிடாமல் தெளிக்க வசதி உள்ளவர்கள் மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

கருகிய பிறகு

பனி படிந்த காலையில் இலையைத் தொடாமல் இருப்பதே முதல் உதவி. உறைந்த முட்டைகோஸ் இலையும் கீரையும் கண்ணாடிபோல் நொறுங்கும். அவற்றையே, உருகி இயல்பு நிலைக்கு வரும்வரை விட்டுவைத்தால், முற்பகலுக்குள் நிமிர்ந்துவிடும். அறுவடையை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

கறுத்த இலைகளை உடனே வெட்டித் தள்ள வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தச் செத்த இலைகள்தான் அடியிலுள்ள உயிருள்ள மொட்டுகளுக்கு அடுத்த இரவில் மறைப்பாக நிற்கின்றன. வெட்டினால் புதுத் தளிர் கிளம்பி, அதுவும் பனிக்கு இரையாகும். தேயிலையானாலும் வீட்டு முற்றத்து ரோஜாவானாலும், பனிக்காலம் முடிந்து எந்தக் கிளையில் உயிர் இருக்கிறது என்று தெரிந்தபின் கவாத்து செய்வதே முறை. கருகிய செடியைத் தேற்ற உடனே எரு வைப்பதும் வேண்டாம். இலையில்லாத செடிக்கு அதை உண்ண வழியுமில்லை. குளிர்ந்த மண்ணில் அது சிதையவும் போவதில்லை. காலை வேளையில் நான்கு அங்குல ஆழத்தில் செருகிய வெப்பமானி தொடர்ந்து 10 டிகிரிக்குமேல் காட்டும் வாரத்தில் மட்கையும் ஜீவாமிர்தத்தையும் கொடுக்கத் தொடங்கலாம். தழை கருகிய உருளைக்கிழங்கில், அடித்தண்டு பச்சையாக இருந்தால் மண்ணை அணைத்துவிட்டு இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். பக்கக்கிளை துளிர்த்தால் பயிரைத் தொடரலாம், துளிர்க்காவிட்டால் இருக்கிற கிழங்கைத் தோண்டி எடுத்துவிட்டு அந்தப் பாத்தியில் பட்டாணியோ முள்ளங்கியோ விதைக்கலாம்.